மாதாமாதம் வரும் ‘ஏதோ ஒண்ணு’

வீட்டுச் செலவுக்குப் பட்ஜெட் போடலாம் என்று நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தால் முதல் பத்து நிமிடம் வேலை மளமளவென்று ஓடும். வாடகை, மளிகை, பால், காஸ், கரண்ட், பெட்ரோல், இஎம்ஐ. கூட்டிப் பார்த்தால் சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் வரும். பரவாயில்லையே என்று நோட்டை மூடி வைப்போம். இருபதாம் தேதி வாக்கில் பார்த்தால் கையில் காசு இருக்காது. என்ன ஆயிற்று என்று கேட்டால் பல வீடுகளில் ஒரே பதில்தான் வரும்: “கணக்கெல்லாம் சரியாத்தான் போட்டோம். மாசாமாசம் ஏதோ ஒண்ணு வந்துடுது.”

அந்த ‘ஏதோ ஒண்ணு’ எங்கிருந்து வருகிறது என்று இன்று சாவகாசமாகப் பார்ப்போம். டீ கையில் இருக்கிறது, அவசரமில்லை. கூட்டல், பெருக்கல், வகுத்தலைத் தாண்டி இதில் கணக்கு எதுவும் கிடையாது. மதுரையில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு குடும்பத்தை நாமே கற்பனை செய்துகொள்வோம். கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். பிடித்தமெல்லாம் போகக் கைக்கு வருவது மாதம் 48,000 ரூபாய். தொகைகள் உங்கள் வீட்டில் வேறாக இருக்கும். நமக்கு வேண்டியது கணக்கு போகும் வழிதான்.

அவர்கள் எழுதிய மாதப் பட்டியல் இது: வாடகை 11,000, அரிசி மளிகை 7,000, காய், பழம், கறி, மீன் 5,000, இஎம்ஐ 4,500, பால் 2,000, பெட்ரோல் 2,000, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு 2,000, காஸும் கரண்டும் 1,500, போனும் இணையமும் 1,000. மொத்தம் 36,000. சம்பளத்தில் கழித்தால் மீதி 12,000. காகிதத்தில் மாதம் பன்னிரண்டாயிரம் மிச்சம் பிடிக்கும் குடும்பம் இது. ஆனாலும் வருஷம் தவறாமல் ஜூன் மாதம் இவர்கள் வீட்டு வளையல் அடகுக்குப் போகிறது.

இதில் பொய்க்கணக்கு ஒன்றும் இல்லை. எழுதியதெல்லாம் உண்மை. எழுதும்போது தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்ட கேள்வியில்தான் சிக்கல் இருக்கிறது. “மாதம் என்னென்ன செலவு?” என்று கேட்டார்கள், மாதாமாதம் வருவதெல்லாம் நினைவுக்கு வந்தது. மாதத்தை விடக் குறுகிய சுற்றில் வருவது பாதி நினைவுக்கு வந்தது. அதைவிட நீண்ட சுற்றில் வருவது வரவே இல்லை.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதில்லை. நாட்டு மக்கள் எதற்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதும் தேசிய மாதிரி ஆய்வு என்ற அரசு ஏற்பாடு 1950-இலிருந்து நடக்கிறது. 2022 ஆகஸ்டிலிருந்து 2023 ஜூலை வரை நடந்த கணக்கெடுப்பில் மட்டும் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் கேட்டார்கள். ஒரு காலத்தில் இவர்களும் எல்லாச் செலவுக்கும் பொதுவாக “கடந்த 30 நாளில் எவ்வளவு?” என்றுதான் கேட்டார்கள். யோசித்துப் பாருங்கள், தீபாவளி முடிந்து நான்கு மாதம் கழித்து வந்து துணிச் செலவு எவ்வளவு என்று கேட்டால் என்ன சொல்வோம்? ஒன்றுமில்லை என்போம். தீபாவளிக்கு மறுவாரம் வந்து கேட்டால் இருபதாயிரம் என்போம். இரண்டுமே உண்மை, ஆனால் எதுவும் அந்த வீட்டின் துணிச் செலவு ஆகாது.

அதனால் இப்போது கேள்வியை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். காய்கறி, பழம், முட்டை, மீன், இறைச்சி, எண்ணெய், டீக்கடை, வெற்றிலை பாக்கு போன்றவற்றுக்குக் கடந்த 7 நாள் கணக்கு. அரிசி, பருப்பு, பால், எரிபொருள், வாடகை போன்றவற்றுக்கு 30 நாள். துணிமணி, செருப்பு, படிப்பு, ஆஸ்பத்திரியில் தங்கிப் பார்த்த வைத்தியம், பாத்திரம் பண்டம், மேஜை நாற்காலி போன்றவற்றுக்கு 365 நாள். கத்திரிக்காய்க்கு மாதம் எவ்வளவு என்று யாருக்கும் நினைவிருக்காது, போன வாரம் என்றால் ஓரளவு சொல்லிவிடலாம். பள்ளிக் கட்டணத்தைப் போன மாதக் கணக்கில் தேடினால் கிடைக்காது, போன வருஷக் கணக்கில் கிடைக்கும். நம் வீட்டு நோட்டுக்கும் இதே மூன்று ஜன்னல் போதும். ஏழு நாளுக்கு ஒரு பக்கம், முப்பது நாளுக்கு ஒரு பக்கம், முந்நூற்று அறுபத்தைந்து நாளுக்கு இரண்டு மூன்று பக்கம் ஒதுக்கிக்கொள்வோம்.

முதல் பக்கம் சுலபம், ஒரு சின்னப் பள்ளம் மட்டும் உண்டு. வாரச் செலவை மாதச் செலவாக்கும்போது நாம் எல்லோரும் நான்கால் பெருக்குகிறோம். வருஷத்துக்கு 52 வாரம். நான்கு வாரம்தான் ஒரு மாதம் என்றால் 48 வாரத்தில் வருஷம் முடிந்துவிட வேண்டும். மீதி நான்கு வாரமும் சாப்பிடத்தானே வேண்டும்? நம் குடும்பம் காய்க்கும் கறிக்கும் வாரம் 1,150 ரூபாய் செலவழிக்கிறது. நான்கால் பெருக்கினால் 4,600. ஐம்பத்திரண்டால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் ஏறக்குறைய 5,000. வாரா வாரம் குழுக் கடன் தவணை கட்டுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் கடுமையாக உறைக்கும். வாரம் 500 என்றால் மாதம் 2,000 என்று தோன்றும். ஆனால் வருஷத்துக்கு 26,000, அதாவது மாதத்துக்கு 2,167 வருகிறது. ஐந்து திங்கட்கிழமை வரும் மாதத்தில் திங்கட்கிழமை வசூல் உள்ள வீட்டில் ஏன் திணறுகிறது என்பது இப்போது புரியும்.

இரண்டாவது பக்கமான 30 நாள் பட்டியலில் மாதம் என்று நினைத்துக்கொண்டு மாதமே இல்லாத சில பேர்வழிகள் ஒளிந்திருக்கிறார்கள். போன் ரீசார்ஜைப் பாருங்கள். பெரும்பாலான ‘மாத’ பிளான்கள் 28 நாளுக்குத்தான். 28-ஐ 13-ஆல் பெருக்கினால் 364. ஆக வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை என்று நினைத்துப் பதின்மூன்று தடவை கட்டுகிறோம். 300 ரூபாய் பிளான் என்றால் வருஷத்துக்கு 3,900, மாதத்துக்கு 325. வீட்டில் நான்கு போன் இருந்தால் மாதம் நூறு ரூபாய் சத்தமில்லாமல் போகிறது. பெரிய தொகை இல்லைதான். சுற்று எத்தனை நாள் என்று பார்த்து எழுதும் பழக்கத்துக்காகச் சொல்கிறேன்.

கரண்ட் பில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. பில் வராத மாதத்தில் அந்தப் பணம் மிச்சம் என்று கை நினைத்துக்கொள்ளும். போதாததற்கு, மார்கழி பில்லும் சித்திரை பில்லும் ஒன்றாக இருக்காது. ஏசி ஓடும் வீட்டில் கோடை பில் இரண்டு மடங்கு ஆவதும் உண்டு. அதிலும் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கட்டண அடுக்கே மாறிவிடும். அதனால் கடைசி பில்லை மட்டும் பார்த்து எழுதாமல், ஒரு வருஷத்து ஆறு பில்லையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து எழுதுவோம். காஸுக்கும் அப்படித்தான். சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் சிலிண்டர் மாற்றிய தேதியை நம் வீட்டுப் பெண்கள் குறித்து வைத்திருப்பார்கள். 45 நாளுக்கு ஒன்று என்றால் வருஷத்துக்கு எட்டு. எட்டு சிலிண்டர் விலையையும், கொண்டுவந்து கொடுப்பவருக்குத் தரும் காசையும் சேர்த்துப் பன்னிரண்டால் வகுத்தால் போயிற்று.

இனி மூன்றாவது பக்கத்துக்கு வருவோம். ‘ஏதோ ஒண்ணு’ முழுக்க இங்கேதான் குடியிருக்கிறது.

நம் மதுரைக் குடும்பத்தை உட்காரவைத்து 365 நாள் கேள்வியைக் கேட்போம். இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் 60,000. நோட்டுப் புத்தகம், யூனிபார்ம், ஷூ 9,000. மருத்துவக் காப்பீடு 22,000. ஆயுள் காப்பீட்டு பிரீமியம் 18,000. தீபாவளிக்குத் துணி, பலகாரம், பட்டாசு எல்லாம் சேர்த்து 20,000. பொங்கலுக்கும், அக்கா தங்கைகளுக்குச் செய்யும் சீருக்கும் 8,000. மொய் 15,000. வண்டிக்கு இன்ஷூரன்சும் நான்கு சர்வீசும் 8,000. நகைக் கடன் வட்டி 9,000. குலதெய்வம் கோயிலுக்குப் போய்வர 6,000. மிக்சி, ஃபேன், போன் என்று ரிப்பேருக்கு 5,000. கூட்டினால் 1,80,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 15,000 ரூபாய்.

இப்போது கணக்கு எப்படி மாறுகிறது பாருங்கள். 36,000-உடன் 15,000-ஐச் சேர்த்தால் 51,000. சம்பளம் 48,000. மாதம் 12,000 மிச்சம் என்று நினைத்த குடும்பம் உண்மையில் மாதம் 3,000 பற்றாக்குறையில் ஓடுகிறது. வருஷத்துக்கு 36,000. ஜூன் மாதம் வளையல் அடகுக்குப் போவது இந்த முப்பத்தாறாயிரத்துக்காகத்தான். அந்த அடகின் வட்டி அடுத்த வருஷப் பட்டியலில் இன்னொரு வரியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான் என்பதால் இங்கே இன்னும் கொஞ்சம் நிற்போம். இந்தச் செலவுகளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘திடீர்ச் செலவு’. பட்டியலைத் திரும்பப் படியுங்கள். இதில் திடீரென்று வந்தது எது? பள்ளி ஜூனில் திறக்கும் என்று தெரியும். தீபாவளித் தேதி காலண்டரில் இருக்கிறது. காப்பீட்டின் கடைசித் தேதி பத்திரத்திலேயே அச்சாகி இருக்கிறது. ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒருமுறை வருவதால் அந்தந்த மாதத்தில் புது விருந்தாளி போலத் தெரிகிறது. பத்துப் பதினைந்து விருந்தாளிகள் முறைவைத்து வந்துகொண்டிருந்தால் வீட்டில் ஆள் இல்லாத மாதமே இருக்காது. வருகிறவர் மாறலாம், மாதாமாதம் ஒருவர் வருவது மாறாது. ஆகவே இதுவும் வாடகை மாதிரி மாதச் செலவுதான். வாடகைக்கு வீட்டுக்காரர் முதல் தேதியே வந்து நிற்கிறார், இதற்கு வந்து நிற்க ஆள் இல்லை.

“மொய்யும் ரிப்பேரும் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எப்போது என்பது தெரியாது, ஏறக்குறைய எவ்வளவு என்பது தெரியும். மிக்சி எந்த வாரம் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் வருஷம் முழுக்க வீட்டில் ஒரு சாமானும் பழுதாகாத வருஷம் எது என்று யோசித்துப் பாருங்கள். உண்மையிலேயே திடீரென்று வருபவை இரண்டு மூன்றுதான்: பெரிய வைத்தியச் செலவு, வேலை போவது, வீட்டில் ஒரு சாவு. அவற்றுக்குத் தனியாகக் கொஞ்சம் பணம் ஒதுங்கியிருக்க வேண்டும், அது வேறு பேச்சு. பள்ளிக் கட்டணத்தை அந்த வரிசையில் சேர்க்கக் கூடாது.

மொய் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். மொய் நோட்டு என்பதே ஒரு கமிட்மென்ட் பதிவேடு. நம் வீட்டு விசேஷத்துக்கு யார் எவ்வளவு எழுதினார்கள் என்று அதில் இருக்கிறது, அதைத் திருப்பிச் செய்ய வேண்டும். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி ஆவணியில் மொய் விருந்து என்று தனியாகவே நடத்துகிறார்கள். அங்கே மொய் வெறும் அன்பளிப்பு இல்லை, வட்டியில்லாக் கடன் மாதிரி ஓடும் ஒரு ஏற்பாடு. மற்ற ஊர்களிலும் தை, பங்குனி, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதங்களில் பத்திரிகைகள் குவியும், ஆடியிலும் மார்கழியிலும் வராது. பழைய மொய் நோட்டைப் புரட்டி, பெண்ணுக்கோ பையனுக்கோ கல்யாண வயது வந்திருக்கும் வீடுகளைக் குறித்தால், இந்த வருஷம் எவ்வளவு ஆகும் என்று ஓரளவு பிடித்துவிடலாம்.

கமிட்மென்ட் என்ற சொல் வந்துவிட்டது. “அவருக்கு நிறைய கமிட்மென்ட் இருக்கு” என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். செலவுக்கும் கமிட்மென்டுக்கும் என்ன வித்தியாசம்? தொகையும் தேதியும் நம் கையில் இருந்தால் அது செலவு. இந்த வாரம் மீன் வேண்டாம் என்று முடிவு செய்யலாம். தொகையோ தேதியோ வேறொருவர் கையில் இருந்தால் கமிட்மென்ட். இஎம்ஐயை இந்த மாதம் பாதி கட்டுகிறேன் என்று நாமாக முடிவு செய்ய முடியாது. பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘கட்டாவிட்டால் யார் கேட்பார்கள்?’ என்று எழுதிப் பாருங்கள். வங்கி, வீட்டுக்காரர், பள்ளிக்கூடம், சீட்டு நடத்துபவர், அம்மா, சம்பந்தி வீட்டார். பெயர் எழுத முடிகிற வரியெல்லாம் கமிட்மென்ட். அம்மா கேட்க மாட்டார், ஆனாலும் அந்த வரியை வெட்ட யாருக்கும் மனசு வராது, ஆகவே அதுவும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

கமிட்மென்ட் வரிகளுக்கு இன்னொரு கட்டம் அவசியம்: எந்த மாதத்தோடு முடிகிறது? வாடகைக்கு முடிவு கிடையாது, இஎம்ஐக்கு உண்டு. ஏலச் சீட்டு இருந்தால் எடுத்ததா எடுக்காததா என்றும் எழுத வேண்டும். எடுக்காத சீட்டுக்குக் கட்டுவது சேமிப்பு, எடுத்த சீட்டுக்குக் கட்டுவது கடன் அடைப்பு. பெயர் ஒன்று, குணம் வேறு. மாதாமாதம் கழிவு போகக் கட்டுவதால் தொகை கூடக் குறைய இருக்கும், பட்டியலில் முழுத் தவணையை எழுதிவிடுவது பத்திரம். நகைக்கடைச் சீட்டு பெரும்பாலும் பதினொரு மாதத்தில் முடிந்துவிடும். பொருளுக்காக வாங்கிய முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருளைக் கொடுக்காவிட்டால் அது டெபாசிட் கணக்கில் வந்துவிடும் என்று கம்பெனிகளுக்கான 2014-ஆம் வருஷத்து விதி சொல்கிறது. கடைக்காரர் பன்னிரண்டாவது மாதத்துக்குப் போகாததன் காரணம் இதுதான். நமக்கு வேண்டிய செய்தி, அந்த வரிக்கும் ஒரு முடிவு மாதம் உண்டு என்பது.

நகைக் கடன் தனி ரகம். வங்கியில் வைத்த நகைக்கு மாதாமாதம் வட்டி கட்டாமல் வருஷக் கடைசியில் அசலும் வட்டியுமாகத் திருப்பும் ஏற்பாடு இருப்பதால், பதினொரு மாதம் அது யார் கண்ணிலும் படாது. பன்னிரண்டாவது மாதம் நோட்டீஸ் வரும். வட்டியைப் பன்னிரண்டாக வகுத்து மாதச் செலவில் எழுதினால்தான் அந்தக் கடன் உயிரோடு இருப்பதே நமக்குத் தெரியும்.

காப்பீட்டு வரிகளை எழுதும்போதும் சில விவரங்களைப் பார்த்துக்கொள்ளலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஜிஎஸ்டி கிடையாது. அதற்கு முந்தைய மருத்துவக் காப்பீட்டு ரசீதைப் பார்த்து எழுதினால் 18% வரியும் அந்தத் தொகையில் சேர்ந்திருக்கும். இரு சக்கர வண்டி 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கியது என்றால், மூன்றாம் நபர் காப்பீட்டை ஐந்து வருஷத்துக்கு ஷோரூமிலேயே கட்டியிருப்போம். ஐந்து வருஷம் அந்த நினைப்பே இல்லாமல் இருந்துவிட்டு ஆறாவது வருஷம் கோட்டை விடுகிறவர்கள் நிறையப் பேர். சொந்த வீடு உள்ளவர்கள் சொத்து வரியையும் சேர்க்க வேண்டும். அது அரையாண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும்.

இவ்வளவையும் யார் நினைவு வைத்துக்கொள்வது? யாரும் வேண்டாம். நினைவை நம்பியதால்தான் பட்டியல் ஓட்டை ஆனது. பன்னிரண்டு மாத வங்கிக் கணக்கை எடுத்து மேலிருந்து கீழே படியுங்கள். ஜிபே, போன்பே வைத்திருப்பவர்கள் அதிலும் ஒரு வருஷம் பின்னோக்கிப் போகலாம். பிறகு ரசீது போட்டு வைக்கும் டப்பா, மொய் நோட்டு, போன வருஷக் காலண்டர். படிக்கும்போது தானாக வெட்டிக்கொள்ளும் சந்தாக்கள் கண்ணில் படும். யாரும் பார்க்காத ஓடிடி ஒன்று இருக்கும், பையன் எப்போதோ போட்ட ஏதோ ஒரு ஆப்புக்கு மாதம் 99 ரூபாய் போய்க்கொண்டிருக்கும். அவற்றை அன்றே நிறுத்திவிடலாம். பட்டியல் எழுதுவதில் உடனே கிடைக்கும் கூலி இது.

ஆவணத்தில் அகப்படாத வரிகளும் உண்டு. நண்பரிடம் வாங்கிய கைமாற்று, தம்பியின் கடனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து, தீபாவளிக்கு வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்குக் கொடுக்கும் புடவையும் பணமும், மனைவி தனியாகக் கட்டிவரும் பலகாரச் சீட்டு. அதனால் இந்த வேலையைக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து செய்ய வேண்டும். “இது எனக்குத் தெரியாதே” என்று ஒரு தடவையாவது குரல் உயரும். பரவாயில்லை. ஜூன் மாதம் உயர்வதற்கு இன்று உயர்ந்தால் நஷ்டம் குறைவு. ஜாமீன் கையெழுத்துக்குத் தொகை எழுத வேண்டியதில்லை, அப்படி ஒன்று இருக்கிறது என்று ஓரத்தில் குறித்தால் போதும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பட்டியலின் கடைசியில் ‘இதர செலவு’ என்று ஒரு வரி போட்டு ஒரு தொகையை எழுதாதீர்கள். பெயர் தெரியாத எல்லாமும் அதற்குள் போய் விழும், அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்க மாட்டோம். முதல் வருஷமாவது அந்த வரி இல்லாமல் எழுதிப் பாருங்கள். அதே போல டீக்குடியைக் குறைத்தால் வீடு நிமிர்ந்துவிடும் என்று சொல்கிறவர்களையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவர் பதினைந்து ரூபாய் டீ தினம் இரண்டு குடித்தால் மாதம் 900 ரூபாய். வருஷச் செலவுகளை எழுதாமல் விட்டதன் விலை நம் கற்பனை வீட்டில் மாதம் 15,000.

பட்டியல் ஆயிற்று. வகுத்து வந்த 15,000-ஐ என்ன செய்வது? நிதி விஷயம் எழுதுகிறவர்கள் இதைத் தவணை முறையில் சேர்க்கும் ஒதுக்கு நிதி என்பார்கள். பெயர்தான் பெரிது, விஷயம் நமக்கு நன்றாகத் தெரிந்த தீபாவளிச் சீட்டுதான். தீபாவளிக்குப் பணம் வேண்டும் என்று தெரியும், அதனால் மாதாமாதம் கொஞ்சம் கட்டி வைக்கிறோம், அந்த மாதம் கை கடிப்பதில்லை. தெருவில் சீட்டு நடத்தும் அக்காவுக்குத் தெரிந்த இந்தக் கணக்கைத் தீபாவளிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பள்ளிக் கட்டணத்துக்கும் காப்பீட்டுக்கும் மொய்க்கும் நாம் நீட்டவே இல்லை. நீட்ட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் சீட்டுப் பணத்தோடு தலைமறைவாகிறவர்கள் பற்றிய செய்தியும் தீபாவளிக்குத் தீபாவளி வருகிறது. இவ்வளவு பெரிய தொகைக்கு வங்கியில் ஒரு தனிச் சேமிப்புக் கணக்கு நல்லது. ஏடிஎம் கார்டு இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. சம்பளம் வந்த மறுநாளே அந்தக் கணக்குக்குப் பணம் போய்விட வேண்டும், செலவு அங்கிருந்துதான் நடக்க வேண்டும். தபால் நிலைய ஆர்டி ஐந்து வருஷத்துக்கானது, வருஷத்துக்குள் எடுக்கும் பணத்துக்கு அது தோதுப்படாது.

எந்த மாதம் தொடங்குவது என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஜனவரியில் தொடங்கினால் ஜூன் கட்டணத்துக்குள் ஐந்து தவணைதான் சேரும், இடையில் பங்குனி, வைகாசிக் கல்யாணங்களும் வந்துவிடும். பள்ளிக் கட்டணம் கட்டி முடித்த கையோடு ஜூலையில் தொடங்கினால் அடுத்த ஜூனுக்குப் பதினொரு தவணை கிடைக்கும். தீபாவளிக்கு முன்பே மூன்று நான்கு தவணை சேர்ந்துவிடும். பல வீடுகளுக்கு வருஷம் பிறப்பது ஜூலையில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் மதுரைக் குடும்பத்துக்கு இன்னும் மாதம் 3,000 இடிக்கிறதே, அதற்கு வழி? சினிமாவையும் பிரியாணியையும் நிறுத்துவதற்கு முன்னால் ‘எந்த மாதத்தோடு முடிகிறது’ என்ற கட்டத்தைப் பார்க்கச் சொல்வோம். டிவிக்கும் வண்டிக்கும் கட்டும் அந்த 4,500 ரூபாய் இஎம்ஐ வரும் பிப்ரவரியோடு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மார்ச்சிலிருந்து மொத்தச் செலவு 46,500 ஆகிவிடும். பற்றாக்குறை போய் மாதம் 1,500 மிஞ்சும். அதுவரை எட்டு மாதம் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் போதும். ஒரே ஒரு நிபந்தனை: மார்ச் மாதம் கடைக்காரர் போன் செய்து, “பழைய லோன் முடிஞ்சிடுச்சு சார், புதுசா ஃப்ரிட்ஜ் எடுத்துக்கலாம்” என்று சொல்லும்போது வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.